லிஸ்பனைச் சுற்றிப் பார்க்க ஒரு தேதி போதும்: மூன்று நாள் முழுமையான வழிகாட்டி

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனுக்கு முதல் முறை போனபோது என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. மஞ்சள் டிராம், கோட்டை, பெலேம் கோபுரம், இரும்பு லிஃப்ட் என்று பதினைந்து பெயர்கள். பட்டியலில் இருந்த வரிசையிலேயே ஓடினேன். காலையில் ஏறிய குன்றில் மாலையிலும் ஏறினேன். வரிசைகளில் நின்றே ஒரு முழு நாள் கழிந்தது. ஊருக்குத் திரும்பி, என்ன பார்த்தாய் என்று கேட்டவர்களுக்குப் புகைப்படங்களைத்தான் காட்ட முடிந்தது, சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் முறை பட்டியலை விட்டுவிட்டு ஒரு தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்: 1755 நவம்பர் 1. அன்று சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணியளவில், தேவாலயங்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்த வேளையில், பூமி குலுங்கியது. ஆற்றங்கரைத் திறந்தவெளிக்குத் தப்பி ஓடியவர்களைச் சிறிது நேரத்தில் வந்த ஆழிப்பேரலை எடுத்துக்கொண்டது. பீடங்களில் எரிந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் கவிழ்ந்து பற்றிய தீ நாள்கணக்கில் அணையவில்லை. பல்லாயிரம் பேர் மாண்டார்கள்.

இன்றைய லிஸ்பனை இந்த ஒரு நாள் மூன்றாகப் பிரித்துவைத்திருக்கிறது. அழிந்துபோய்ப் புதிதாகக் கட்டப்பட்ட பகுதி பைஷா. குலுங்கியும் பெருமளவு நின்றுவிட்ட பழைய பகுதி அல்ஃபாமா. மேற்கே தள்ளியிருந்து தப்பித்த பகுதி பெலேம். பகுதிக்கு ஒரு நாள் ஒதுக்கினால் கால்களுக்கும் நல்லது, ஊரும் புரியும்.

புறப்படும் முன்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிப் பதினைந்து நாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் வெயிலைவிடக் கூட்டம்தான் தொல்லை. நவம்பர் முதல் மழை. மழையைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை: இந்த ஊர் நடைபாதைகள் சிறு சிறு சுண்ணாம்புக் கற்களைக் கையால் பதித்துச் செய்யப்பட்டவை. பல தலைமுறைக் கால்கள் தேய்த்து அவை பளிங்கு மாதிரி ஆகிவிட்டன. காய்ந்திருக்கும்போதே வழுக்கும், நனைந்தால் இறக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். நல்ல பிடிமானமுள்ள ரப்பர் அடிக் காலணிதான் இந்தப் பயணத்துக்கான முதல் செலவு.

விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்தே மெட்ரோ சிவப்புத் தடம் கிளம்புகிறது. அலமேடா நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறினால் ரொசியூ, பைஷா-ஷியாடோ நிலையங்களுக்குப் போய்விடலாம். அரை மணி நேரப் பயணம். நிலைய இயந்திரத்திலேயே 'நவெகான்ட்' என்ற பயண அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை சொற்ப விலைதான், ஆனால் ஆளுக்கு ஒன்று கட்டாயம். ஓர் அட்டையை இருவர் மாற்றி மாற்றித் தட்ட முடியாது. அதில் 'ஸாப்பிங்' என்ற முறையில் பணம் ஏற்றினால் மெட்ரோ, டிராம், பஸ், ஆற்றுப் படகு, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். டிராமில் ஏறி ஓட்டுநரிடம் ரொக்கமாக டிக்கெட் வாங்கினால் அதே பயணத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு கொடுக்க வேண்டிவரும்.

தங்குமிடம் தேடும்போது அல்ஃபாமா படங்களில் மயங்கிவிடாதீர்கள். அங்கே பல தெருக்கள் தெருக்களே அல்ல, படிக்கட்டுகள். டாக்ஸி நிற்கும் இடத்திலிருந்து இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நூறு படி ஏறியவன் சொல்கிறேன்: பைஷாவிலோ ரொசியூவை ஒட்டியோ சமதளத்தில் அறை எடுங்கள். கட்டடத்தில் லிஃப்ட் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மொழிக்கு அஞ்ச வேண்டாம். ஆங்கிலம் பெரும்பாலும் செல்லும். ஆனால் தமிழருக்கு இந்த ஊரில் வேறொரு சலுகை இருக்கிறது. உணவகத்துக்குள் போய் 'மேசா' என்றால் மேசை. 'ஜனெலா' என்றால் ஜன்னல். அறைக்குத் தருவது 'ஷாவ்', நம் சாவி. துணி வைப்பது 'அர்மாரியு', நம் அலமாரி. இலங்கைத் தமிழருக்கு இன்னும் நெருக்கம்: காலில் போடும் 'சபாத்து' அவர்களுடைய சப்பாத்து, பேக்கரியில் 'பாவ்' என்று மூக்கால் சொல்வது அவர்கள் வீட்டுப் பாண். பதினாறாம் நூற்றாண்டில் கப்பலேறி நம் வீடுகளுக்குள் வந்தமர்ந்த சொற்கள் இவை. புதிதாக ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்: நன்றி சொல்ல ஆண்கள் 'ஒப்ரிகாடு', பெண்கள் 'ஒப்ரிகாடா'. கேட்பவர் யார் என்பதல்ல, சொல்பவர் யார் என்பதே கணக்கு.

முதல் நாள்: அழிந்து எழுந்த ஊர்

காலை ஒன்பது மணிக்குள் பிராசா டூ கொமெர்சியுவுக்குப் போய்விடுங்கள். மூன்று பக்கம் மஞ்சள் கட்டட வளைவுகள், நான்காம் பக்கம் கடல் போல விரிந்த தேஜூ ஆறு. பெயர்ப் பலகையில் வணிகச் சதுக்கம் என்று இருந்தாலும் ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் இது 'தெரெய்ரு டூ பாசு', அதாவது அரண்மனை முற்றம். அரண்மனை எங்கே என்று தேடாதீர்கள். நீங்கள் நிற்கும் வெற்றிடத்தின் மேற்கு ஓரத்தில்தான் அது இருந்தது. நம் பக்கத்திலிருந்து போன மிளகுக்கும் இலவங்கப்பட்டைக்கும் கணக்கு எழுதிய 'காசா டா இந்தியா' அலுவலகமும் அங்கேதான் இருந்தது. அரச நூலகம், அலுவலகத்தின் ஆவணங்கள், அதே ஆண்டு வசந்தத்தில்தான் திறக்கப்பட்ட பிரம்மாண்டமான இசை நாடக அரங்கு எல்லாம் ஒரே நாளில் போயின.

நடுவில் குதிரைமேல் இருப்பவர் அரசர் முதலாம் ஜோசே. சிலையில் கம்பீரமாக இருக்கிறார். ஆனால் நிலநடுக்கத்துக்குப் பிறகு கல் கூரையின்கீழ் உறங்க அவருக்குத் துணிவு வரவில்லை. அஜூடா குன்றில் மரத்தாலும் துணியாலும் அமைத்த குடில் அரண்மனையிலேயே மீதி வாழ்நாளைக் கழித்தார். ஊரை மீண்டும் கட்டியவர் அவருடைய அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று அழைக்கப்பட்டவர்.

ஆற்றுப் பக்கம் நீருக்குள் இறங்கும் படிகளையும் இரண்டு தூண்களையும் பார்த்துவிட்டு, எதிரே தெரியும் ருவா அகுஸ்தா வளைவுக்கு வாருங்கள். 1873-இல் முடிக்கப்பட்ட இந்த வளைவின் உச்சிக்கு ஏற டிக்கெட் உண்டு. முதல் நாளே இங்கே ஏறிவிடுங்கள். பைஷாவின் தெருக்கள் வரைபடத் தாளில் அளவுகோல் வைத்துக் கோடிட்டது போல நேராக ஓடுவது மேலிருந்து பார்த்தால்தான் விளங்கும். 250 ஆண்டுக்கு முந்தைய நகரத் திட்டம் இது. அந்தக் கட்டடங்களின் சுவர்களுக்குள் 'கையோலா' எனப்படும் மரச்சட்டக் கூண்டு மறைந்திருக்கிறது. கையோலா என்றால் கூண்டு. பூமி ஆடும்போது மரம் வளைந்து கொடுக்கும், சுவர் சரிந்தாலும் தளம் விழாது என்பது கணக்கு. மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிப் படைவீரர்களைத் தடதடவென்று நடக்கவிட்டு அதிர்வைச் சோதித்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே வடக்கே நடங்கள். தொழிலுக்கு ஒரு தெரு: பொற்கொல்லருக்கு ருவா டூ ஓரு, வெள்ளி வேலை செய்பவர்களுக்கு ருவா டா பிராட்டா, செருப்புத் தைப்பவர்களுக்கு ருவா டுஸ் சபத்தெய்ருஸ். சப்பாத்து தெரிந்தவருக்கு மூன்றாம் பெயருக்கு அகராதி வேண்டியதில்லை.

தெரு முடியுமிடத்தில் ரொசியூ சதுக்கம். தரையில் கறுப்பு வெள்ளைக் கற்கள் அலை அலையாகப் பதிந்திருக்கும்; குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தால் தலை சுற்றும். இங்கே பலரும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் சதுக்கத்தின் வடகிழக்கு மூலை வழியாக சாவ் டொமிங்குஸ் தேவாலயத்துக்குள் போங்கள். 1755-இல் இடிந்து, மீண்டும் எழும்பி, 1959-இல் தீப்பிடித்து எரிந்த கோயில் இது. பிறகு கூரை போட்டார்கள். ஆனால் கருகி உடைந்த தூண்களை மறைக்கவில்லை. லிஸ்பனில் நான் மிக அதிக நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்த இடம் இதுதான். வாசல் சதுக்கத்தில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. 1506-இல் கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்களை இந்த ஊர்க் கும்பல் கொன்று குவித்தது இங்கே தொடங்கித்தான். அதே சதுக்கத்தில் புளிப்புச் செர்ரிப் பழ மதுவான ஜின்ஜின்யாவைச் சிறு கிண்ணத்தில் ஊற்றித் தரும் குட்டிக் கடை, 1840 முதல் இருக்கிறது. துயரமும் உல்லாசமும் இருபது அடி இடைவெளியில் நிற்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மதியத்துக்கு மேல் ஷியாடோ குன்று. சாந்தா ஜுஸ்தா இரும்பு லிஃப்ட் ஓடும் நாள்களில் வாசலில் வரிசை நிற்பதைப் பார்ப்பீர்கள். 1902-இல் கட்டிய, 45 மீட்டர் உயரமான அழகான பொருள்தான். வெளியே நின்று பார்க்கக் காசில்லை. மேலே போக எளிய வழி பைஷா-ஷியாடோ மெட்ரோ நிலையத்தின் நகரும் படிகள். கீழ்வாசலில் நுழைந்து, ரயில் ஏறாமலே, மேல்வாசலில் வெளியே வந்துவிடலாம்.

குளோரியா சாய்தள ரயிலைப் பற்றிப் பழைய வழிகாட்டிகள் ஆசையாக எழுதியிருக்கும். 2025 செப்டம்பர் 3 அன்று அது தடம்புரண்டு 16 பேர் உயிரிழந்தார்கள். இந்த வகைப் பழைய வாகனங்களில் எது ஓடுகிறது, எது நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதைப் போகும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் திட்டத்தை அவற்றை நம்பி அமைக்க வேண்டாம்.

ஷியாடோவில் பார்த்தே ஆக வேண்டியது கார்மோ மடம். 1389-இல் தொடங்கப்பட்ட கோயில். 1755-இல் கூரை விழுந்தது. பாதியில் நின்ற திருப்பணிக்குப் பிறகு அப்படியே விட்டுவிட்டார்கள். கூர்மையான கல் வளைவுகள் வானத்தைத் தாங்கி நிற்கின்றன, கீழே புல்தரை. உள்ளே சிறு தொல்பொருள் அருங்காட்சியகம், ஞாயிறு விடுமுறை. வெளியே உள்ள சதுக்கத்துக்கும் ஒரு தேதி உண்டு. 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார ஆட்சியின் பிரதமர் மார்செலு கயெத்தானு இந்த மடத்தை ஒட்டிய படைத் தலைமையகத்துக்குள் பதுங்க, சதுக்கம் முழுக்க மக்கள் திரண்டு நிற்க, மாலையில் அவர் அதிகாரத்தை ஒப்படைத்தார். படைவீரர்களின் துப்பாக்கி முனையில் மக்கள் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். அதனால்தான் பூப் புரட்சி. மடத்தின் பக்கவாட்டு மாடித் தளத்தில் நின்றால் எதிர்க் குன்றில் கோட்டை தெரியும். நாளைக்கு அங்கே.

இரண்டாம் நாள்: நின்றுவிட்ட ஊர்

கோட்டைக்குக் கீழிருந்து நடந்து ஏறுவது வீரம், தேவையில்லை. பைஷாவின் ருவா டுஸ் ஃபன்கெய்ருஸ் தெருவில், 170-ஆம் எண்ணை ஒட்டிய ஒரு சாதாரணக் கட்டடத்துக்குள் இலவச லிஃப்ட் இருக்கிறது. அது ஒரு தெரு உயரத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து சில அடியில், பழைய சந்தைக் கட்டடமான ஷாவ் டூ லொரெய்ருவில் இன்னொரு லிஃப்ட். பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் முடியாதென்றால் பிராசா டா ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 எண் சிறு பஸ் கோட்டை வாசல் வரை போகிறது.

சாவ் ஜோர்ஜ் கோட்டை, வட ஆப்பிரிக்க வழிவந்த முஸ்லிம்களான மூர்களிடமிருந்து 1147-இல் போர்ச்சுகலின் முதல் அரசர் அஃபோன்சு என்ரிகெஸ் கைப்பற்றியது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் மதில் பற்களில் பெரும்பகுதி 1940-ஐ ஒட்டிய சீரமைப்பில் வந்தது. ஆகவே பழமையைத் தேடிப் போகாதீர்கள், காட்சிக்காகப் போங்கள். பைன் மர நிழல், மதில்மேல் உலாவும் மயில்கள், கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள், அப்பால் ஆறு. திறந்தவுடன் போனால் மயில்களுக்குச் சமமாகத்தான் ஆட்கள் இருப்பார்கள். டிக்கெட் விலை கொஞ்சம் கூடுதல். பணம் கணக்குப் பார்ப்பவர்கள் கோட்டையைத் தவிர்த்துவிட்டு, இன்னும் உயரமான செய்ன்யோரா டூ மோன்ட் காட்சிமேடைக்குப் போகலாம். அங்கே கோட்டையும் சேர்ந்தே காட்சியில் விழும், அதுவும் இலவசமாக.

இறங்கும் வழியில் சாந்தா லூசியா காட்சிமேடையில் கட்டாயம் நில்லுங்கள். எல்லோரும் ஆற்றைப் பார்த்தபடி நிற்பார்கள். நீங்கள் முதுகைத் திருப்பித் தேவாலயச் சுவரைப் பாருங்கள். நீல ஓடுகளில் ஒரு படம்: நிலநடுக்கத்துக்கு முந்தைய அரண்மனை முற்றம். நேற்று நீங்கள் நின்ற வெற்றிடம்தான்.

இனி வரைபடத்தைப் பைக்குள் வைத்துவிடலாம். அல்ஃபாமா என்ற பெயர் அரபிச் சொல்லிலிருந்து வந்தது. வெந்நீர் ஊற்றைக் குறிப்பது. நேற்றைய அளவுகோல் தெருக்களுக்கு நேர் எதிர் இது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டிய சந்துகள், ஜன்னலுக்கு ஜன்னல் கொடியில் காயும் துணி. சந்துகளுக்குள் கைப்பேசி வழிகாட்டியும் திணறும். வழி தவறினால் ஒரே விதிதான்: இறங்கிக்கொண்டே இருங்கள், ஆறு வந்துவிடும். இங்கே இன்னும் ஆட்கள் வாழ்கிறார்கள். திறந்த ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாமல் இருப்பது மரியாதை.

கீழே, சே பேராலயம். 1147 வெற்றிக்குப் பிறகு தொடங்கியது. கோட்டை போன்ற இரட்டைக் கோபுரம். அதற்குச் சற்றுக் கீழே ஒரு சிறிய தேவாலயம். பலர் நின்று பார்ப்பதில்லை. தமிழர் நிற்க வேண்டும். பதுவை அந்தோனியார் என்று நாம் அழைக்கிறோமே, அவர் பதுவைக்காரர் அல்ல, இந்தத் தெருக்காரர். 1195-ஐ ஒட்டி இங்கே பிறந்தார் என்பது மரபு. இயற்பெயர் ஃபெர்னான்டு. 1231 ஜூன் 13-இல் இத்தாலியின் பதுவையில் இறந்ததால் அந்த ஊர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. லிஸ்பன்காரர்கள் இதை இன்றும் ஒப்புக்கொள்வதில்லை; அவர்களுக்கு அவர் லிஸ்பன் அந்தோனியார்தான். பிறந்த வீடு இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தை நிலவறையில் காணலாம். மேலே உள்ள கோயில் 1755-க்குப் பிறகு மீண்டும் கட்டியது. கச்சத்தீவில் இரு கரை மீனவர்களும் கூடிக் கும்பிடுவதும், கொழும்பு கொச்சிக்கடையில் எல்லா மதத்தவரும் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் இவருக்குத்தான்.

ஜூன் 12 இரவு அவருடைய விழா. அல்ஃபாமா முழுக்கத் தெருவிலேயே அடுப்பு மூட்டி மத்தி மீன் சுடுவார்கள்; காதலர்கள் சிறு தொட்டியில் 'மன்ஜெரிகு' என்ற செடியைப் பரிசளித்துக்கொள்வார்கள். அது துளசிக்கு நெருங்கிய உறவான செடி. மூக்கை நேரே வைத்து முகரக் கூடாது, கையால் தடவிக் கையை முகர வேண்டும் என்பது வழக்கம். அந்த இரவில் லிஸ்பனில் இருக்க நேர்ந்தால் தூக்கத்தை மறந்துவிடுங்கள்.

செவ்வாய் அல்லது சனிக்கிழமையாக இருந்தால் அல்ஃபாமாவின் கிழக்கு முனையில் ஃபெய்ரா டா லாத்ரா பழம்பொருள் சந்தை கூடும். பெயருக்கு அர்த்தம் திருடியின் சந்தை. பித்தளைக் கதவுக் குமிழ், பழைய நாணயம் வாங்கலாம். ஒற்றை ஒற்றையாக விற்கும் பழைய நீல ஓடுகளை மட்டும் வாங்காதீர்கள். யாரோ ஒரு வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்துக் களவாடியதாக இருக்கலாம். சந்தைக்குப் பக்கத்தில் வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்பது சாந்தா எங்ராசியா தேவாலயம். பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டடம் 1966-இல்தான் முடிந்தது. முடியாத வேலைக்கு 'சாந்தா எங்ராசியா வேலை' என்று ஊரில் பழமொழியே இருக்கிறது. இன்று அது தேசிய நினைவாலயம். பாடகி அமாலியா ரொட்ரிகெஸும் கால்பந்து வீரர் யூசெபியூவும் உள்ளே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

மஞ்சள் டிராம் எண் 28 பற்றிக் கேட்பீர்கள். பகலில் மார்டிம் மொனீஸ் நிறுத்தத்தில் ஏறப் பார்த்தால் வரிசையில் நின்றே அலுத்துவிடும். ஏறினாலும் அடுத்தவர் முழங்கைதான் தெரியும். காலை எட்டு மணிக்கு முன் எதிர் முனையான கம்பூ டி ஓரிக்கில் ஏறுங்கள். அந்தக் கடைசி நிறுத்தம் ஒரு கல்லறைத் தோட்டத்தின் வாசல். தோட்டத்தின் பெயர் 'பிரஸேரெஸ்', அதாவது இன்பங்கள். வண்டியில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். இந்தத் தடம் ஜேப்படிக்காரர்களின் அலுவலகம்.

இரவு ஃபாடு. கிட்டார் இரண்டு, குரல் ஒன்று. 2011-இல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியலில் ஏறிய பாடல் மரபு. இரவு உணவோடு சேர்த்து விற்கும் பெரிய இடங்களைவிட, அக்கம்பக்கத்தார் தாமாக எழுந்து பாடும் சிறு மதுக்கடைகள் எனக்குப் பிடித்தவை. 'ஃபாடு வாடியு' என்று விசாரியுங்கள். விளக்கைக் குறைத்தால் பாட்டு தொடங்குகிறது என்று பொருள். பேச்சு நிற்க வேண்டும், முள்கரண்டிச் சத்தமும்கூட.

மூன்றாம் நாள்: தப்பித்த ஊர்

பெலேமுக்கு எல்லோரும் 15-ஆம் எண் டிராமில் நெருக்கியடித்துப் போகிறார்கள். கைஸ் டூ சொட்ரே நிலையத்திலிருந்து காஷ்கைஸ் ரயிலில் ஏறுங்கள். சில நிமிடம்தான், உட்கார இடமும் கிடைக்கும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், முக்கியமான இடங்கள் மூடியிருக்கும்.

ஜெரோனிமோஸ் மடத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு காலை முதல் வேளையில் நுழையுங்கள். 1501-இல் அரசர் முதலாம் மனுவெல் தொடங்கினார். முடிய ஏறக்குறைய நூறாண்டு. கட்டுமானச் செலவுக்குப் பெரும்பகுதி ஆப்பிரிக்க, ஆசிய வணிகத்தின்மீது விதித்த 5 சதவீத வரியிலிருந்து வந்தது. அதாவது கடல் வணிகக் காசு. உள் முற்றத்தின் இரண்டடுக்கு வளைவுகளில் கல்லிலே கயிறு முறுக்கியிருக்கிறார்கள், கடற்பாசியும் பவளமும் செதுக்கியிருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் மண்டபங்களில் கல் சங்கிலி பார்த்துப் பழகிய கண்ணுக்கும் இது சலிக்காது. கோயில் பகுதியின் தூண்கள் மெலிந்து பனைமரம் போல மேலே விரிகின்றன. அவை 1755-ஐத் தாங்கி நின்றன.

கோயிலுக்குள் நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1497 ஜூலை 8-இல் இந்தக் கரையிலிருந்துதான் புறப்பட்டார். மறு ஆண்டு மே மாதம் கோழிக்கோடு. 1524-இல் கொச்சியில் இறந்து அங்கே புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைக்கப்பட்டு, 1539-இல் எலும்புகள் போர்ச்சுகல் வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே சேர்ந்தன. கல்லறையில் கைகூப்பிப் படுத்திருக்கிறார். 1502-இல் மெக்காவிலிருந்து திரும்பிய யாத்திரிகர் கப்பலை ஆட்களோடு எரித்த கைகள் என்பதையும் நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

இந்த ஊருக்கும் தமிழுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. தமிழ் மொழியில் முதலில் அச்சான புத்தகம் வெளிவந்தது சென்னையிலோ தரங்கம்பாடியிலோ அல்ல, 1554-இல் லிஸ்பனில். முத்துக்குளித்துறைப் பக்கம் சமயம் பரப்பச் செல்வோருக்காக அச்சிட்ட 'கார்த்தில்யா' என்ற சிறு வேத போதக நூல். தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில், கூடவே போர்ச்சுகீசிய விளக்கம். நம் எழுத்திலேயே அச்சான முதல் நூலுக்கு 1578-இல் கொல்லத்தில் வெளியான 'தம்பிரான் வணக்கம்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆற்றங்கரையில் கப்பல் முகப்புப் போல நிற்பது கடல்வழிக் கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம். பழமையானது போலத் தோற்றம் காட்டும். 1940-இல் ஒரு கண்காட்சிக்காகத் தற்காலிகமாக எழுப்பி, 1960-இல் நிரந்தரமாகக் கட்டியது. சர்வாதிகாரக் காலத்துப் பெருமிதம். வெளியிலிருந்து பார்த்தால் போதும். தரையில் பதித்த உலக வரைபடத்தில் நம் கரைகளைத் தேடிவிட்டு நகருங்கள்.

பெலேம் கோபுரம் 1514-க்கும் 1520-க்கும் இடையே கட்டியது. சீரமைப்புக்காக 2025-இல் மூடப்பட்டது. திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தாலும் இழப்பு அதிகமில்லை. உள்ளே குறுகலான சுழல் படியில் முண்டியடிக்க வேண்டும், அழகெல்லாம் வெளியேதான். மேற்குப் பக்கக் காவல் மாடம் ஒன்றின் அடியில் காற்றிலும் உப்பிலும் தேய்ந்துபோன ஒரு கல் தலை இருக்கிறது. அது காண்டாமிருகம், நம்மூர்க்காரர். குஜராத் சுல்தான் முசாஃபர் ஷா போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்கு அன்பளிப்பாகக் கொடுக்க, அவர் அரசருக்கு அனுப்ப, 1515 மே மாதம் லிஸ்பனில் வந்திறங்கியது. அரண்மனை முற்றத்தில் ஒரு யானையோடு மோதவிட்டார்கள், யானை ஓடிவிட்டது. பிறகு போப்புக்குப் பரிசாகக் கப்பலேற்றினார்கள். கப்பல் மூழ்கியது, சங்கிலியில் கட்டியிருந்த விலங்கு நீந்த முடியாமல் இறந்தது. அதைக் கண்ணால் பார்க்காமலே, வந்த வர்ணனையை வைத்து ஜெர்மானிய ஓவியர் டூரர் செதுக்கிய மரக்கட்டைச் சித்திரம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. மாடத்தடியில் இருக்கும் இந்தத் தலைக்காக மட்டும் நான் இரண்டு முறை பெலேம் போயிருக்கிறேன்.

திரும்பும் வழியில் மடத்துக்கு அருகே 1837 முதல் இருக்கும் கடையில் முட்டைக் கஸ்டர்ட் டார்ட். மடங்கள் மூடப்பட்ட காலத்தில் துறவிகளின் செய்முறை வெளியே வந்தது என்பது வரலாறு. வாங்கிப்போகும் வரிசையைப் பார்த்து மிரள வேண்டாம். உள்ளே பெரிய பெரிய கூடங்களில் உட்கார இடம் இருக்கும். சூடாக இருக்கும்போதே மேலே 'கனேலா' தூவிக்கொள்ளுங்கள். இலவங்கப்பட்டைப் பொடிதான், இலங்கைக் கரைக்கு இவர்களை இழுத்துவந்த சரக்கு.

சாப்பாட்டுக் கணக்கு

உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி என்று கேளாமலே கொண்டுவந்து வைப்பார்கள். இலவசம் என்று நினைத்து நான் முழுவதையும் காலி செய்த உணவகத்தில் பில்லைப் பார்த்ததும்தான் விளங்கியது: தொட்டதற்கெல்லாம் விலை. வேண்டாமென்றால் முதலிலேயே எடுத்துப்போகச் சொல்லலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை.

மீன் சாப்பிடுவோருக்கு இது சொர்க்கம்; பக்கல்யாவ் என்ற உப்பிட்ட காட் மீனில் எத்தனையோ வகை. சைவர்கள் கவனிக்க: 'கால்டு வெர்ட்' கீரை சூப்பில் வழக்கமாக ஒரு துண்டு பன்றிக்கறித் தொத்திறைச்சி மிதக்கும். 'பெய்ஷின்யுஸ் டா ஓர்டா' என்பதைத் தேடுங்கள். பெயர் தோட்டத்துக் குட்டி மீன்கள். உண்மையில் பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்தது. பஜ்ஜியேதான். சோறும் குழம்பும் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தால் மார்டிம் மொனீஸை ஒட்டிய ருவா டூ பென்ஃபர்மோசு தெருவுக்குப் போங்கள். தெற்காசியக் கடைகள் வரிசையாக இருக்கும். காப்பி கேட்டால் சுண்டு விரல் உயரத்தில் 'பிக்கா' வரும். நம் காப்பிக்கு அருகில் வருவது கண்ணாடித் தம்ளரில் தரும் 'கலாவ்'. அருகில்தான் வரும், எட்டாது.

கடைசி மாலை

சுற்றுலாப் படகுக்குக் காசு கொடுக்காதீர்கள். கைஸ் டூ சொட்ரேயில் அதே பயண அட்டையைத் தட்டி, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களோடு கசில்யாஸ் படகில் ஏறுங்கள். பத்து நிமிடத்தில் அக்கரை. இறங்கி ஆற்றங்கரையில் நின்றால் மேற்கே சிவப்புத் தொங்கு பாலம், எதிரே முழு லிஸ்பன். இடமிருந்து வலமாகப் பாருங்கள்: பெலேம் கண்ணுக்கெட்டாத தூரத்தில், நடுவே அரண்மனை இல்லாத அரண்மனை முற்றம், அதற்குமேல் கார்மோவின் கூரையில்லாத வளைவுகள், வலக்கோடியில் கோட்டையும் அல்ஃபாமாவும். சூரியன் இறங்கும்வரை உட்கார்ந்துவிட்டு, குளிர்காற்றுக்கு ஒரு மேலாடை போட்டுக்கொண்டு, இருட்டியபின் அடுத்த படகைப் பிடியுங்கள். படகுகள் இரவிலும் ஓடுகின்றன. கடைசிப் படகு நேரத்தை மட்டும் படித்துறைப் பலகையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.